பாக்கியத்துக்கு ஒரு வெள்ளைச் சேலை

காலை ஐந்து பத்துக்குக் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பதுளை பஸ் புறப்பட்டது. பலாங்கொடைக்கு டிக்கெட் அறுநூற்றுப் பத்து ரூபாய். தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பை, பைக்குள் புதுச்சேலை. முந்தின நாள் மாலை தங்கை புருஷன், மச்சான் சுப்பிரமணியம் போன் எடுத்து, "மச்சான், பாக்கியம் போயிட்டா. நாளைக்கி மூனு மணிக்கு எடுக்கிறோம். நீங்க வந்தாத்தான் எடுக்க முடியும்" என்றார்.

பாக்கியம் என் ஒரே தங்கை. கல்யாணமான பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்து அவள் உடம்பில் விழ வேண்டும். அதற்கு முன் பெட்டியைத் தூக்க மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருவன்தான்.

எங்கள் சபைப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறவன் நான். மன்னாரில் கூட்டம், மட்டக்களப்பில் ஊழியம் என்று எங்கே போனாலும் பஸ் கட்டணம் முதல் சாப்பாடு வரை எழுதி, கடைசியில் கர்த்தர் வழிநடத்தினார் என்று முடிப்பேன். இந்தக் கட்டுரையை அவர்கள் போடுவார்களோ என்னவோ. போடாவிட்டால் போகட்டும்.

ஏழு முப்பத்தைந்துக்கு எஹலியகொட. பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். பிளேன்டீ அறுபது ரூபாய். சாயம் கூட, சீனி குறைவு. கடைக்குப் பின்னால் ரப்பர் மரங்களில் சிரட்டைகள் கட்டியிருந்தன. முதல் நாள் மழைத் தண்ணீர் அவற்றில் நிறைந்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன் இதே கடையில் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனேன். வத்தளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கையில் காசு புழங்கியது, குடித்தேன். குடித்துக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபிக்க வந்த ஒரு மனிதர் எனக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தேன் கிறிஸ்துவை, இன்னும் விடவில்லை. ராமையா என்ற பேரை மாற்றித் தானியேல் ஆனேன்.

கிறிஸ்து பல சாமிகளில் ஒரு சாமி இல்லை என்பதுதான் என் விசுவாசத்தின் அடித்தளம். வானத்திலும் பூமியிலும் அவருக்கு மேலே எதுவும் கிடையாது. எல்லாம் அவரால் உண்டானது, எல்லாம் அவருக்காகவே இருக்கிறது, சாவுகூட அவர் காலடியில்தான் கிடக்கிறது. இதை நான் நூறு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். பொய்யாகச் சொன்னதே இல்லை.

எட்டு ஐம்பதுக்கு இரத்தினபுரி. பாதி பஸ் இறங்கி, மறுபடி பாதி ஏறியது. இந்தப் பாதையில் வரும்போதெல்லாம் அப்பாவின் சாவு நினைவுக்கு வரும். நான் மூத்த மகன். மொட்டை போட்டுக் கொள்ளிக்குடம் தூக்க வேண்டியவன். அதெல்லாம் மாட்டேன் என்றேன். வாய்க்கரிசியாவது போடுங்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில் இருந்த லயத்து ஆட்கள் கேட்டார்கள். அதுவும் மாட்டேன் என்று பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் போய் நின்றேன். என் மச்சான்தான், மருமகன்காரர், நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து பாக்கியம் என்னிடம் வந்தாள். இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்தேன். "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் தோட்டத்துக்கு அதிகம் போகவில்லை. வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்புவேன். தீபாவளிக்கு அனுப்பியதே இல்லை. அது என் கொள்கை.

பெல்மதுளை தாண்டி, பத்து இருபதுக்குப் பலாங்கொடையில் இறங்கினேன். கொய்யாமலைத் தோட்டத்து பஸ் போய்விட்டது, அடுத்தது ஒரு மணிக்கு. செல்வா என்ற நாற்பது வயதுக்காரர் திரீவீலரில் கூட்டிப்போகிறேன் என்றார். பதினோரு கிலோமீட்டர், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

"கொய்யாமலைக்கா? மலகெதரக்கா போறீங்க?" என்று கேட்டார். சாவு வீட்டுக்குச் சிங்களத்தில் உள்ள பெயரைத்தான் இங்கே தமிழ் ஆட்களும் சொல்கிறார்கள். ஆமாம், என் தங்கச்சி என்றேன். அவர் ரேடியோவை நிறுத்தினார்.

கண்ணாடிக்குக் கீழே பிள்ளையார், புத்தர், மாதா, இயேசு நாலு பேரும் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"நம்மளுக்கு எல்லாரும் ஒன்னுதாங்க. இந்த வளைவுல எந்த சாமி காப்பாத்தும்னு யாருக்குத் தெரியும்? நீங்க வேதக்காரரா?"

"ஆமா."

"அப்ப இவருதான் பெரியவரும்பீங்க," என்று சிரித்துக்கொண்டே இயேசுவைக் காட்டினார்.

வேறொரு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவர் வரிசையில் ஒட்டிவைக்க வேண்டியவர் இல்லை தம்பி, வரிசைக்கே மேலானவர் என்று பதினோரு கிலோமீட்டருக்கும் பிரசங்கம் செய்திருப்பேன். போன வருடம் பாக்கியம் கேட்ட ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது.

வயிற்றில் கட்டி என்று கொழும்புக்கு மருந்தெடுக்க வந்தவள் எங்கள் வீட்டில் ஒன்பது நாள் தங்கினாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். இவள் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஆசையாகக் கேட்க வந்து நின்றாள். எனக்குச் சபையாருக்கு முன்னால் கூச்சமாகிவிட்டது. தனியே கூப்பிட்டு, "நெத்தியத் தொடைச்சிட்டு வந்து உக்காரு" என்றேன்.

"ஏண்ணே, உங்க சாமி ரொம்பப் பெரிய சாமியா?"

"எல்லாத்துக்கும் மேல."

"அப்ப என் நெத்தியில இருக்கிற துன்னூறு அவர என்னா செய்யும்?"

குதர்க்கமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, "வெதண்டாவாதம் பேசாதே" என்று சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் கதவோரம் போய் உட்கார்ந்தாள். நான் அன்றைக்குக் கிறிஸ்துவின் மேன்மையைப் பற்றித்தான் பேசினேன். நல்ல பிரசங்கம் என்று பாஸ்டர் கையைக் குலுக்கினார்.

பதினொன்று கால். லயத்துக்குப் போகும் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தப்பு அடிக்கும் சத்தம் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கேட்டது. அன்றைக்குத் தோட்டத்தின் அந்த டிவிசனில் ஒருவரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. செல்வா காசை வாங்கிக்கொண்டும் திரும்பிப் போகாமல், வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து ஆண்களோடு நின்றார்.

பெட்டி வாசலில், தகரப் பந்தலுக்குக் கீழே இருந்தது. பாக்கியம் பாதியாக வற்றியிருந்தாள். நெற்றியில் திருநீறு, நடுவில் பெரிய குங்குமம், தலையில் பூ. மச்சான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். பொறந்த வீட்டுக் கோடி வந்திருச்சி என்று யாரோ குரல் கொடுக்க, தப்பு நின்றது. நான் பையைத் திறந்து சேலையை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளைச் சேலை. எங்கள் சபையில் ஆணானாலும் பெண்ணானாலும் வெள்ளை உடுத்தித்தான் அனுப்புவோம். நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு, கரையில் வெள்ளிச் சரிகை போட்டது, பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் முத்தம்மா அக்காதான் மெல்லச் சொன்னார்: "என்னாங்க தம்பி இது. புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, வெள்ளையக் கொண்டாந்திருக்கீங்களே."

அப்போதுதான் உறைத்தது. புருஷன் உயிரோடிருக்கப் பூவும் பொட்டுமாகப் போகிறவளுக்குச் சிவப்போ மஞ்சளோதான் கொண்டுவர வேண்டும். வெள்ளை தாலியறுத்தவளுக்கு. இந்த லயத்தில் பிறந்து இருபத்தைந்து வருடம் வளர்ந்தவன் நான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இது எனக்கு மறந்துவிட்டது. பந்தல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மடிக்கவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை.

பாக்கியத்தின் மகள் கவிதா உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட ஒரு சேலை இருந்தது, மடிப்புக் கலையாமல். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போன கிறிஸ்மஸுக்கு நான் அனுப்பியது.

"அம்மா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்பவே சொல்லிருச்சி மாமா," என்றாள். "மாமா வெள்ளதான் வாங்கிட்டு வருவாரு, அவங்க வழக்கம் அப்புடி, யாரும் அவர ஏசிறக் கூடாதுன்னிச்சி. இத மாமா கையில குடுத்துரு, இதுவும் பொறந்த வீட்டுச் சேலதானேன்னு கட்டாம எடுத்து வச்சிருச்சி."

அப்பாவின் சாவுக்கு வராத அழுகை அங்கே வந்தது. வாய்விட்டு அழுதேன். என் தங்கை சாகக் கிடந்தபோது, நான் எங்கே அவமானப்படுவேன் என்று யோசித்து வைத்திருக்கிறாள். அவள் ஒரு நாளும் என் சாமியைக் கும்பிட்டதில்லை. ஆனால் அந்தச் சாமிக்காக நான் என்னென்ன செய்வேன், என்னென்ன செய்யமாட்டேன் என்பதை என்னைவிட அவள்தான் மதித்திருக்கிறாள்.

சேலையைப் போர்த்தினேன். முந்தியைத் தோளுக்கு மேலே இழுத்துவிடும்போது என் சட்டைக் கை அவள் நெற்றியில் உரசியது. பிறகு வாய்க்கரிசித் தட்டு வந்தது. பிறந்த வீட்டு ஆள்தான் முதலில் போட வேண்டும். மச்சான் தட்டை வாங்கி, என்னைப் பார்க்காமலேயே என்னைத் தாண்டிக் கவிதாவிடம் நீட்டினார். கோபத்தில் செய்யவில்லை, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று செய்தார். இத்தனை வருடம் நான் பிடித்த பிடிவாதத்துக்குக் கடைசியில் பணிந்துவிட்டார்கள். தட்டு தாண்டிப் போனபோது எனக்கு யாருமே இல்லாதது போலிருந்தது.

மூன்று மணிக்கு எடுத்தோம். தேயிலைக்கு மேலே, ஆற்றுப் பக்கம் குழி. மழை பிடித்துக்கொண்டது. பெட்டியின் முன்பக்கம் மச்சானோடு நானும் தோள் கொடுத்தேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, பாஸ்டரை நினைக்கவும் இல்லை. மண் போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். இத்தனை வருடமாகப் பேசிப் பழகிய வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

நாலரைக்கு செல்வாதான் திரும்பவும் பலாங்கொடைக்குக் கொண்டுவந்து விட்டார். போகும்போது காசு வேண்டாம் என்றார். மச்சான் ஒரு பையில் தேயிலையும் அந்த வெள்ளைச் சேலையும் வைத்துக் கொடுத்திருந்தார். "இங்க ஒருத்தருக்கும் ஆகாது மச்சான். உங்க சபையில யாருக்காவது உதவும்" என்றார். உதவும்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று சாவு எங்களிடமும் விழுகிறது. அந்த வீடுகளில் நான் போய் நின்று, கிறிஸ்து சாவை ஜெயித்தார் என்று சொல்வேன். இனியும் சொல்வேன். அது உண்மை.

ஐந்து மணி பஸ்ஸில் இடது பக்கம் இடம் கிடைத்தது. பெல்மதுளைக்கு வரும் முன்பே மழை விட்டுவிட்டது. அப்போதுதான் சட்டைக் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே திருநீறு ஈரத்தில் குழைந்து ஒட்டியிருந்தது. அதன் நடுவில் குங்குமம் கொஞ்சம். கைக்குட்டையை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே மடியில் வைத்துவிட்டேன்.

அவர் எல்லாவற்றுக்கும் மேலானவர். அதில் எனக்கு நேற்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அவ்வளவு பெரியவருக்கு முன்னால், கதவோரம் உட்கார வந்த ஒரு பெண்ணின் நெற்றியில் இருந்த பிடிச் சாம்பல் என்ன செய்துவிடப் போகிறது? அவள் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இரண்டே வார்த்தை.

"ஒன்னும் செய்யாது, பாக்கியம்," என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.