படத்தைப் பற்றித்தான் சொன்னாள்

எங்கள் அத்தை தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் ஒரு சினிமாவைப் பற்றி வெளியாட்களிடம் கருத்துச் சொன்னாள். அதற்காக மத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் நிறைய ஆட்கள் கிளம்பி, ஓசூரில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள்.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அத்தை அவருடைய ஒரே தங்கை. மத்தூர்ப் பக்கம் மாந்தோப்பும் தண்ணீர் வற்றாத போரும் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாலு நாளில் போய்விடுவாள் என்றார்கள். போகவில்லை. "உங்க மாப்பிள்ளை கை நீட்டுறாராம்" என்று அம்மா அப்பாவிடம் அடுப்படியில் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மாமா எதையோ கேட்டுக் கையை நீட்டுகிறார், அத்தை கொடுக்க மாட்டேன் என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொடுத்துவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது.

அத்தைக்குச் சூளகிரி பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்தது. காலையில் கம்பெனி பஸ் வரும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அவள் வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டாள். "சாப்புடறப்பவாச்சும் அதக் கழட்டு" என்று அம்மா சொன்னால் சிரிப்பாள். வந்த புதிதில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மத்தூரிலிருந்து அத்தையின் மாமனார் ஃபோன் செய்யும்போதெல்லாம் அப்பா வாசலுக்குப் போய்ப் பேசுவார். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுங்க மாமா" என்று முடிப்பார். அவருக்கு அனுப்பவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அம்மா, அத்தை, நான் மூவரும் படத்துக்குப் போனோம். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஏழெட்டுப் பேரின் கதை. ஒரு பஸ் டிரைவர், ஒரு நர்ஸ், பரீட்சைக்குப் பயந்து ஓடிவந்த ஒரு பையன் என்று ஆளுக்கொரு கவலை. எல்லோரும் ஒரே பஸ் ஸ்டாண்டில் வந்து சேர்கிறார்கள். அங்கே புருஷனிடம் அடி வாங்கிவிட்டு வந்த ஒரு பெண், போக இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவன் அழுகிறான். தியேட்டரே கை தட்டியது. நானும் தட்டினேன். அத்தை கையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

வெளியே வந்தால், மைக்கோடு ஒரு இளைஞன் எல்லோரையும் மடக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஃபோனில் படம் பிடித்தான். "ஃபர்ஸ்ட் ஹாஃப் லேக் ப்ரோ, செகண்ட் ஹாஃப் தெறி" என்றான் ஒருவன். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொன்னார். என்னைக் கேட்கமாட்டானா என்று நான் முன்னால் போய் நின்றேன். அவன் மைக்கை என் தலைக்கு மேலாக அத்தையிடம் நீட்டினான்.

"நல்லாத்தாங்க நடிச்சிருக்காங்க" என்று ஆரம்பித்தாள் அத்தை. "ஆனா அந்தப் பொண்ண என்னாத்துக்குங்க திருப்பி அதே வீட்லயே கொண்டுபோய் விட்டாங்க?"

"ஃபேமிலி சென்டிமென்ட் அக்கா. எல்லாரும் ஒண்ணு சேர்றாங்கல்ல?"

"எல்லாரும் சேந்துட்டாங்க, கை தட்டுறாங்க. அவள ஒருத்தராச்சும் கேட்டாங்களா? போறியாம்மான்னு ஒரு வார்த்தை? அடி வாங்குனவ அவதான? இவங்கல்லாம் பஸ் ஏறிப் போயிருவாங்க. மறுநாள் அவதான அந்த வீட்ல இருக்கணும்?"

அத்தை அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் குரல் உடைந்துபோயிற்று. அந்த இளைஞன் மைக்கை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தான். "அப்போ படத்துக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க அக்கா?"

அத்தை தூக்கத்திலிருந்து விழித்தவள்போல அவனைப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வீடியோவுக்கு 'கொந்தளித்த பெண்' என்று தலைப்புக் கொடுத்து, முகப்பில் அத்தையின் முகத்தைப் போட்டிருந்தார்கள். அத்தை பிரபலமாகிவிட்டாள் என்று நான் குதித்தேன். கீழே நிறைய பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அக்கா சொல்வது சரி என்றார்கள் சிலர், ஓவர் ஆக்டிங் என்றார்கள் சிலர். இவங்க வீட்ல ஏதோ பிரச்சனை போல என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டு எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை, முகம் தெரியாத அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் அந்தக் கார் வந்தது. மாமா யாரையும் பார்க்காமல் சுவரோரம் நின்றார். அவருடைய அப்பாதான் பேசினார்.

"ஊரே ஃபோன்ல பாக்குது. நாங்க போட்டு அடிக்கிறோம்னு ஊரக் கூட்டிச் சொல்றாளா உங்க தங்கச்சி?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க மாமா" என்றார் அப்பா. "படத்தப் பத்திதாங்க சொன்னா. படத்துல அந்த மாதிரி ஒரு சீன் வருதுங்க."

அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அம்மா சொல்லிக் கேட்டதை வைத்து, டிரைவர், நர்ஸ், பையன் என்று ஒன்றுவிடாமல் அவர்களுக்குக் கதை சொன்னார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வந்தவர்களும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் மாமாவின் அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, படத்தப் பத்திதான் சொன்னியா?"

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லும்மா" என்றார் அப்பா. அது கெஞ்சுவதுபோல இருந்தது.

"படத்தப் பத்திதாங்க" என்றாள் அத்தை.

"அப்போ நம்ம வீட்ல பிரச்சனைன்னு ஒண்ணும் இல்லல்ல? துணிமணிய எடுத்துக்கச் சொல்லுங்க, பொழுதோட ஊர் போய்ச் சேரலாம்."

  தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்து அப்பா சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போகிறார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போட்டாள். மாமா வீட்டார் யார் யாரையோ பிடித்து அந்த வீடியோவையும் நீக்கவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அத்தையை விசேஷ வீடுகளில்தான் பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். பந்தியில் யாராவது சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட, முதலில் மாமா எங்கே இருக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் நல்லாருக்கு என்பாள். அப்பா அவளோடு தனியாக உட்கார்ந்து பேசியதை நான் பார்த்ததில்லை.

அன்று கார் கிளம்புவதற்கு முன் நான் ஜன்னலருகே ஓடினேன். பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை, குனிந்து என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, உனக்கு அந்தப் படம் புடிச்சிருந்துச்சா?"

கடைசியில் என்னிடமும் ஒருவர் கருத்துக் கேட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ரொம்பப் புடிச்சிருந்துச்சு அத்தை. கடைசில எல்லாரும் சேந்து அந்த அக்காவ வீட்ல விட்டாங்கல்ல, அதான் சூப்பர்."

 "ஆமா கண்ணு" என்றாள் அத்தை.

அவளுக்கும் இப்போது படம் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, கார் தெருமுனை திரும்பும்வரை சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டு நின்றேன்.