கிழங்குக்கு விற்ற பிள்ளை

என் தங்கையின் பெயர் மரவள்ளி. கேட்பவர்கள் முதலில் வள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். முன்னால் நிற்கும் மரம் உறைத்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆமாம், கிழங்கேதான் என்பேன். ஊரில் எத்தனையோ பூவும் அம்மனும் இருக்க, பெண் குழந்தைக்குக் கிழங்கின் பெயரை வைத்த வீடு எங்களுடையது. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் திமிர் உண்டு.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. கெடாவில் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. மரங்களுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் அவித்த மரவள்ளி, மதியம் மரவள்ளிக் கஞ்சி, சாயங்காலம் ஒரு மாறுதலுக்கு மரவள்ளி ரொட்டி. எனக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடமும் இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி மற்றவர்கள் கண்கலங்கிப் பேசும்போதெல்லாம், கிழங்கு பிடுங்கிய குழிகளில் உருண்டு புரண்ட எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் அது விளையாட்டுக் காலம் இல்லை. எனக்குப் பின்னால் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் தவழ்வதற்கு முன்பே போய்விட்டன. அடுத்ததும் பெண்ணாகப் பிறந்தபோது அம்மா அதன் முகத்தை நேராகப் பார்க்கவே பயந்தாள். பார்த்தால் ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் எமனுக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே பால் கொடுத்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை.

எங்கள் சனத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொருத்தி வந்து ஒரு கைப்பிடித் தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். பிறகு, என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே விட்டுவிட்டுப் போவாள். அன்றிலிருந்து அது வாங்கியவளின் பிள்ளை. பெற்றவள் அதை மகளே என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெயரும் தவிட்டம்மாள் என்று வைத்துவிடுவார்கள். இவ்வளவு மட்டமான சரக்கை எமனும் சீந்தமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

தவிட்டுக்கு எங்கே போவது? கெடா முழுக்க நெல்வயல் என்றுதான் பேர். எங்கள் லயத்தில் அரிசியைக் கண்ணால் கண்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்பா பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்துக்கு நடந்துபோய், தெரிந்த மலாய்க்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, குழந்தைக்கு நல்லதென்றால் எடுத்துக்கொள் என்று ஒரு துணியில் தவிட்டை முடிந்து கொடுத்தார். அப்பா அதை அடுப்படியில் வைத்துவிட்டு, மறுநாள் காரியத்தைப் பேசப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து அத்தை விறகோடு உள்ளே வந்தாள். அத்தை அப்பாவின் அக்கா, எங்களோடு இருந்தவள், சமையல் அவள் பொறுப்பு. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். தம்பி, பிள்ளைகளுக்காக அலைந்து திரிந்து கொண்டுவந்திருக்கிறான் என்று மனம் குளிர்ந்துபோய், மரவள்ளி மாவோடு பிசைந்து ரொட்டி சுட்டுவிட்டாள்.

அப்படி ஒரு ரொட்டியை நாங்கள் அந்த வருஷம் தின்றதில்லை. அப்பா இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"என்னக்கா, இன்னிக்கு ரொட்டி இப்படி மணக்குது?"

"எல்லாம் நீ கொண்டாந்த தவிடுதான் தம்பி."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கவும் பயம், துப்பவும் மனமில்லை. கடைசியில் விழுங்கிவிட்டார். பாயில் படுத்திருந்த அம்மா, "பிள்ளையோட வெலையத் தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே" என்று அழத் தொடங்கினாள். அழுதவளுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. நான் ரொட்டியோடு தரையில் உருண்டேன். குழந்தை பிறந்த பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, வாங்குவதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவள். அவள் குரலெடுத்தால் அடுத்த லயத்து நாய் எழுந்து நிற்கும். தவிடு போன கதையைக் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தாள். குப்பைமேட்டை ஒட்டி ஒரு மரவள்ளிச் செடி நின்றது. முந்தானையைச் செருகிக்கொண்டு அதை வேரோடு பிடுங்கினாள். ஒரு கிழங்கை ஒடித்து, மண்ணோடு முறத்தில் போட்டாள்.

"தவிடு குடுத்தாதான் எமன் ஒத்துக்குவானா? இந்தா, இதான் வெல. ஏ புள்ள, எம் பொண்ண நல்லா வளத்துக் குடு."

திருநீற்றோடு வந்திருந்த கோயில் பூசாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டு நகர்ந்துகொண்டார். விலை எதுவோ அதுதான் பெயர் என்பதால், என் தங்கை மரவள்ளி ஆனாள்.

அதற்குப் பிறகு பெரியம்மா தினமும் தன் சரக்கைப் பார்வையிட வந்தாள்.

"எம் பொண்ணுக்கு ஏன் மூக்கு ஒழுகுது? எண்ண தேச்சியா இல்லியா?"

"ஒங்க பொண்ணு நேத்து ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடலக்கா. நீங்களே தூக்கிட்டுப் போங்க," என்பாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. பெற்றவள் என்ற உரிமையில் ஒரு வார்த்தை பேச அவளுக்கு வழியில்லை. ஆனால் தங்கை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், அடுப்புச் சாம்பலை அள்ளித் தின்றாள். அவள் தவழ்ந்த அன்று அம்மா அடுப்படிக்குள் போய் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். சந்தோஷத்துக்கும் அப்படி அழலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் தவிடு கொடுத்த மலாய்க்காரர் குழந்தையைப் பார்க்க வந்தார். என்ன பெயர் என்று கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தபடி, மலாயில் மரவள்ளிக்கு உள்ள பெயரைச் சொன்னார்: "உபி காயு." அவர் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த சொங்கோத் தொப்பி கீழே விழுந்துவிட்டது. தவிடு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அத்தையே வலியப்போய்ச் சொல்லி, அவரை இன்னும் கொஞ்சம் சிரிக்க வைத்தாள்.

தங்கை கொழுகொழுவென்று வளர வளர, பெயருக்கு மவுசு வந்துவிட்டது. லயத்தில் அடுத்துப் பிறந்த பெண் குழந்தைக்கு அதே பெயர். அதற்கடுத்ததற்கும் அதே. சோகை பிடித்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, வைத்த பெயரை மாற்றி இதை வைத்தார்கள். வாங்குவதற்கும் பெரியம்மாவின் கைதான் ராசி என்று தேடி வந்தார்கள். "எனக்குப் போதும்லா, எத்தனைய வாங்கி நான் கட்டிக்குடுக்க?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். பெரிய மரவள்ளி, கோடிவீட்டு மரவள்ளி, கோபக்கார மரவள்ளி என்று அடைமொழி போட்டுத்தான் பிரிக்க முடிந்தது. சாயங்காலம் எவளாவது ஒருத்தி வாசலில் நின்று மரவள்ளி என்று கூப்பிட்டால், லயத்துப் பொடிசுகள் பாதி ஓடிவரும். என் அம்மாவும் கூப்பிடுவாள். வெறும் பெயரை மட்டும் சொல்வாள்.

பிறகு ஜப்பான்காரன் போனான். அரிசி வந்தது. சோற்றைக் கண்ட சனத்துக்குக் கிழங்கு கசந்துவிட்டது. செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள், கூடவே பெயரையும். பிள்ளைகளைக் கோயிலில் வரிசையாக நிறுத்தி, பூப்பெயரும் அம்மன் பெயரும் வைத்தார்கள். எங்கள் தங்கைக்கும் மாற்றலாம் என்றாள் அத்தை. அம்மா அரிசி களையப் போய்விட்டாள். இன்னொருத்தி பிள்ளைக்குப் பெயர் மாற்ற அவள் யார்?

அந்தச் சமயத்தில் பெரியம்மா வீட்டுக்காரருக்கு அலோர் ஸ்டார் பட்டணத்தில் வேலை கிடைத்தது. மெர்கோங் பக்கம் குடிபோகிறார்கள். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றி முடித்துப் பார்த்தால், பாத்திர மூட்டைக்குப் பக்கத்தில் தங்கை ஏறி உட்கார்ந்திருக்கிறாள், தன் மாற்றுப் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு. பாவம், அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ பெரியம்மா பிள்ளை என்றுதானே சொல்லியிருந்தோம்.

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் ஏறி உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "நான் வாங்குன பொண்ணு, நான் கூட்டிட்டுப் போறேன். வண்டிய ஓட்டுங்க."

வண்டிச் சக்கரம் ஒரு சுற்று உருண்டது.

"எம் மவள எறக்குங்க."

சொன்னது அம்மா. சொல்லிவிட்டு, அவளே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எமன் எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறான் என்று நான் ரப்பர் மரங்களைப் பார்த்தேன்.

பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். "அப்ப என் வெலையக் குடு."

அப்பா உள்ளே ஓடிப்போய்ச் சுளகு நிறையத் தவிடு கொண்டுவந்தார். இப்போது அதற்குப் பஞ்சமில்லை. "தவிட்ட நீங்களே தின்னுங்க. நான் குடுத்தது கெழங்கு," என்றாள் பெரியம்மா. கிழங்குக்கு எங்கே போவது? ஒரு செடியையும் விட்டுவைக்கவில்லையே. லயமே இறங்கித் தேடியது. பூசாரி கோயில் பின்புறம் ஓடினார், அத்தை கோழிக்கூட்டுக்கு அடியில் குனிந்தாள். நாங்கள் வெறும் குழிகளைத் தோண்டிப் பார்த்தோம். கடைசியில் அம்மாதான் குளியலறைச் சுவரோரம் ஒரு நோஞ்சான் செடியைக் கண்டு பிடுங்கினாள். விரல் தடிமனில் ஒரு கிழங்கு இருந்தது.

பெரியம்மா அதை மண்ணோடு மடியில் கட்டிக்கொண்டாள். தங்கையைத் தூக்கி அம்மாவின் கையில் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓட்டுங்க என்று வண்டிக்காரரை விரட்டினாள். இனிமேல் பிள்ளைக்கு அழகாக ஒரு பெயர் வைக்கலாமே என்றார் அப்பா.

"பேரு இருக்கட்டும்," என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அவள் சோற்றை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, பெரியம்மாவின் குரலையும் தோற்கடிக்கிற மாதிரி, "மரவள்ளி, எம் மவளே, சாப்பிட வாடி" என்று கூப்பிட்டாள்.

லயம் முழுக்கப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திதான் ஓடிவந்தாள்.