மாற்றிப் போட்ட இரண்டு வயர்

தொண்ணூறுகளில் அருள்புரத்தில் ஒரு காலண்டரிங் யூனிட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பனியன் துணியை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு மட்டமாக்கும் வேலை. மறுபுறம் வரும் துணியைக் கையால் ஏந்தி அடுக்குகிறவரை எல்லோரும் பாய் என்போம்.

முதலாளிக்குத் தெரிந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் அந்த உருளைகளைச் சுற்றப் புதுவகை மோட்டார் ஒன்றை மாட்டிச் சோதித்தார். அதன் சுழலும் பாகத்தில் காந்தமும் இல்லை, கம்பிச் சுற்றும் இல்லை. பல் வைத்த வெறும் இரும்பு. சாதாரண மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் பெட்டியிலேயே அதை ஓட்டினார். ஓடும்போது முனகும். இரும்பு எங்கே நிற்கிறது என்று சென்சார் சொல்ல, அதற்கேற்ப இன்வெர்ட்டர் கரண்ட் கொடுக்கும். “வெளிய லைன் எப்படி மாறினாலும் இது மாறாதுங்க. இதுல மட்டும் கை வெச்சுடாதீங்க” என்றார். நானும் பெரிய மேதாவி போலத் தலையாட்டினேன்.

மறுநாள் காலை தெருக் கம்பத்தில் ஏதோ வேலை நடந்து, கரண்ட் வந்தபோது மற்ற மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றின. எங்களுக்கு இது புதிதல்ல. மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்த கை, இன்வெர்ட்டரிலிருந்து அந்தப் புது மோட்டாருக்குப் போகும் வயரையும் மாற்றிவிட்டது.

“போடட்டுங்களா?” என்றார் பாய், ஒரு கை சுவிட்சிலும் மறுகை உருளையோரத் துணியிலுமாக.

“போடுங்க பாய்.”

மோட்டார் முனகியது, உதறியது, பின்னால் சுற்றியது. வெளியே வரவேண்டிய துணி அவர் விரல்களோடு உள்ளே போனது.

அவரை ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிவிட்டு, யாரும் பார்க்குமுன் வயர்களைப் பழையபடி மாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பு. வாத்தியார் வந்தார், எல்லாம் சரியாக இருப்பதைக் கண்டு விழித்துக்கொண்டு நின்றார். முதலாளி அவரைக் கண்டபடி திட்டினார். மோட்டாரை வாத்தியார் எடுத்துப் போய்விட்டார், முனகல் மட்டும் போகவில்லை. வீட்டில் மிக்ஸி ஓடினாலும் எனக்கு அதுதான் கேட்கும்.

அடுத்த வருஷம் பாய் என்னைத் தேடி வந்தார். வலது கையில் மூன்று விரல் இல்லை. “ஊட்டுக் கெணத்து மோட்டாரு தலகீழாச் சுத்துதுங்க. கொஞ்சம் வந்து பாருங்க.”

போனேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மாற்றினேன்.

“ரெண்டு வயரு. அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான் பாய்.”

உண்மையைச் சொல்லப் பயந்து, மூடியை முடுக்கினேன்.

அவர் அந்தக் கையைச் சுவிட்சில் வைத்து என்னைப் பார்த்தார். “போடட்டுங்களா?”

“தள்ளி நில்லுங்க பாய், நானே போடறேனுங்க” என்றேன். என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.