ஆர்லிஸ் அடைக்கும் தோட்டா

டார்ச் விளக்கைப் பல்லில் கடித்தபடி ஆர்லிஸ் தட்டின் மேல் குனிந்திருக்கிறார். வரிசையாக நிற்கும் பித்தளைத் தோட்டாக் கூடுகள் ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சத்தைக் காட்டி, வெடிமருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றில் மருந்து விழாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒன்றில் இரட்டிப்பாக விழுந்துவிட்டால் துப்பாக்கி வெடித்துக் கையையும் கொண்டுபோய்விடும். வீட்டுக்குள் தொலைபேசி அடிக்கிறது. அடிக்கட்டும்.

"செத்தவங்க போன் பண்ண மாட்டாங்க. உயிரோட இருக்கறவங்க மறுபடி பண்ணுவாங்க" என்பார், பிற்பாடு கேட்டால்.

கார் நிற்க வேண்டிய கொட்டகை இது. கார் பாவம், அமெரிக்காவின் மொன்டானாப் பனியில் வெளியே நிற்கிறது. உள்ளேயும் குளிர்தான், மருந்து நிறுக்கும் தராசு மேஜைமேல் இருக்கும்வரை ஹீட்டரின் காற்றாடி ஓடக் கூடாது. துளிக் காற்று பட்டாலும் தராசு பொய் சொல்லுமாம். அதனால் கணவர் டெல்பர்ட்டின் வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூக்கு சிவக்க உட்கார்ந்திருப்பார். ஆர்லிஸ் ஊர்க் கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அந்தம்மா முன்னாடி லாரியை நிறுத்தினா, டிரைவர் மனசுல இருக்கற பாரமும் சேர்ந்து எடைக்கு வந்துடும்" என்று விவசாயிகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வேலை நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் போச்சு. எந்தக் கூட்டில் நின்றோம் என்று யோசிக்கக்கூட மாட்டார். தட்டு முழுவதையும் டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை லூத்தரன் கோயில் பாதிரியார் நலம் விசாரிக்க எட்டிப் பார்த்தார். கண்ணெதிரே தட்டைக் கவிழ்த்துவிட்டு, "இப்ப சொல்லுங்க பாஸ்டர், சவுக்கியமா?" என்றார் ஆர்லிஸ். அந்த மனிதர் அதற்கப்புறம் வாசல் மணியை அடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்.

இத்தனை கறாரும் இந்த மேஜையோடு சரி. ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்து அவர் சுடும் பணியாரம் ஒரு ஞாயிறு தித்திக்கும், அடுத்த ஞாயிறு பல் கூசும். ஏன் என்று கேட்டால், "சர்க்கரையை நிறுத்துப் போடறதுக்கு அது என்ன வெடிக்கவா போகுது?" என்பார்.

தோட்டாக்கள் அத்தனையும் டெல்பர்ட்டுக்கு. கிழவர் துப்பாக்கிக் கிளப் பந்தயத்தில் நின்றபடி, ஒற்றைக் கையால் குறி பார்த்துச் சுடுகிறவர். குறி தப்பினால் "உன் ரவை சரியில்ல" என்பார். "உன் கை சரியில்ல" என்பார் இவர். கல்யாணமானதிலிருந்து இந்தச் சண்டையில் இருவருக்கும் ஒரு சுகம் இருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஆர்லிஸ் தன் பங்கு வசனத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். காலைக் காபியை டெல்பர்ட் பாதிக் கோப்பைக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை என்பதைக் கவனித்த நாளிலிருந்து. முழுசாக ஊற்றினால் மேஜைக்கு வருவதற்குள் தளும்பிவிடுகிறது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. தோட்டா சரி என்று நிரூபணமாகிவிட்டால் கைதான் காரணம் என்றாகிவிடும்; கைதான் என்றாகிவிட்டால் அந்த மனுஷன் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். ஆர்லிஸுக்கு அந்தப் பயம்தான்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் ஆர்லிஸ் தனியாகக் கிளப்புக்குப் போனார். துப்பாக்கியை அசையாமல் கவ்விக்கொள்ளும் இரும்புப் பிடிப்பானில் பொருத்தி, புதுத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார். குறித்தாளில் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாகிவிட்டன. முன்பெல்லாம் அப்படிப்பட்ட தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைப்பார். இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பந்தயம் முடிந்து டெல்பர்ட்டும் சிநேகிதர் வெண்டலும் நேரே கொட்டகைக்கு வந்தார்கள். டெல்பர்ட் தன் தாளை மேஜைமேல் வைத்தார். கோழி கிளறின மாதிரி எங்கு பார்த்தாலும் துளை.

"ரவைதான்" என்றார். குரலில் வழக்கமான சீண்டல் இல்லை.

வெண்டல் நல்ல மனுஷன், கொஞ்சம் அசடு. "அட, இதுல என்னப்பா குழப்பம்? மிச்சம் ஒரு பெட்டி இருக்குல்ல, பிடிப்பான்ல வச்சுச் சுட்டுப் பாத்துடலாம். ரவையா கையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

டெல்பர்ட் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டார்.

"வேணாம் வெண்டல்" என்றார் ஆர்லிஸ். "நான் மருந்து போடறப்ப ஹீட்டர் ஓடிக்கிட்டிருந்திருக்கு. கவனிக்கல."

"நீயா? நீ கவனிக்கலயா?" என்றார் வெண்டல்.

"ஏன், எனக்கு வயசாகாதா?"

மிச்சத் தோட்டாப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஆணியில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தார். தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டிக் கட்டைமேல் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று வந்துவிடும். கெட்டுப்போன தோட்டாவைப் பிரிக்க மட்டுமே அதை எடுப்பார்கள். ஆர்லிஸ் தன் தோட்டாவை அதில் மாட்டி வெண்டல் பார்த்ததேயில்லை. முதல் தோட்டாவைத் தட்டினார். குண்டு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்.

டெல்பர்ட் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை வெளியே எடுத்து, குண்டுகளைப் போட ஒரு காலிக் காபி டப்பாவை நீட்டினார். இரண்டு குண்டு விழுந்ததும் அவர் பிடியில் டப்பா கிலுகிலுவென்று ஆடத் தொடங்கியது. ஆர்லிஸ் நிமிரவில்லை. அந்தச் சத்தம் வெண்டலின் காதில் விழாதபடி, கை ஓயாமல், இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.