எட்டாம் மாதத்து மூலம்

1984 மே 12, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முந்தின இரவு பெய்த கோடை மழையில் இண்டூரில் எங்கள் வாசல் சேறாகக் கிடந்தது. கரும்புக் காட்டுப் பக்கம் ஒதுங்கப் போன என் மனைவி, திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாவது மாதம். புடவையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரத்தம்.

"ஒன்னுமில்லைங்க" என்றாள். முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் இப்படித்தான் கலைந்திருந்தது.

தர்மபுரி பஸ்ஸில் பதினோரு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் "புள்ள அசையுதா?" என்று கேட்டேன். எட்டாவது நிறுத்தத்தில் அவள், "அது அசையுதுங்க. நீங்க கொஞ்சம் அசையாம உக்காருங்க" என்றாள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை வெளியே நிறுத்திவிட்டு இருபத்திரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"குழந்தை நல்லா இருக்கு. இது மூலம். வயிறு பெருத்துக் கீழ அழுத்துது, அதோட மலச்சிக்கல். முக்கி முக்கிப் புண்ணாயிருக்கு."

அவள் கர்ப்பமானதிலிருந்து நாள் தவறாமல் குறித்து வந்த என் நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

"மாத்திரை எழுதியிருக்கீங்க, புள்ள உதைச்சதெல்லாம் எழுதியிருக்கீங்க. தண்ணி எத்தனை டம்ளர் குடிச்சாங்க?"

அது நோட்டில் இல்லை. என் மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு டம்ளர்தாங்க. குடிச்சா பகல்ல போவணும். ஆம்பளைங்க நடமாடறப்ப எங்கங்க போவறது? விடியறதுக்குள்ள போனா உண்டு. இல்லீன்னா இருட்டுற வரைக்கும் அடக்கிக்கணும்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா அதையும் நோட்டுல எழுதுவீங்களே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். தினம் பத்து டம்ளர் தண்ணீர், கீரை, பழம், வெதுவெதுப்பான நீரில் உட்காருவது என்று சொன்னார். அடக்கவே கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் என்னைப் பார்த்துத்தான்.

மறுநாளே கொத்தனாரை அழைத்தேன். "வூட்டை ஒட்டியா கக்கூசு?" என்று மூன்று பேர் வந்து கேலி செய்தார்கள். பதினேழாம் நாள் வேலை முடிந்தது. அவள் முதன்முதலாக உள்ளே போனதும் நான் கதவருகே கைக்கடிகாரத்தோடு நின்றேன்.

"நீங்க அங்க நின்னா எனக்கு எப்படிங்க வரும்? போங்க அந்தாண்ட!"

போனேன். இரத்தம் மூன்றாம் வாரத்தில் நின்றது. ஜூன் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டே முக்கால் கிலோ. குழி வெட்டியது, குழிக்குள் இறக்கிய உறை, செங்கல், சிமெண்ட், தகரக் கதவு, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு ஆனது.