வயித்துலதான் இருக்கு

ஆயத்த ஆடை ஆலையில் அவளுக்குப் ‘பிசிறு’ என்றுதான் பெயர். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் தடவிப் பார்த்து வெட்டுவது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலே போதும், மயிரிழை நூல்கூடத் தட்டுப்பட்டுவிடும். அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்புக்குள் இருக்கவேண்டிய நூல் தட்டுப்படவில்லை என்றால் எப்படி இருக்கும்? குளியலறையில் உட்கார்ந்தபடியே மறுபடி மறுபடி விரலால் தேடினாள்.

இரண்டாவது பிரசவத்தில் உதிரம் நிற்காமல் செத்துப் பிழைத்தவள். இன்னொரு பிள்ளை உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால்தான் கரு உண்டாகாமல் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டாள். மாதாமாதம் அதன் நுனி நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பார்த்தாளா? கைக்குழந்தை, அடுப்பு, ஆலை என்று ஓடுகிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்! அடிவயிற்றில் ஒரு பக்கமாய்ச் சுருக் சுருக்கென்று குத்தத் தொடங்கியபிறகுதான் ஞாபகமே வந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவனிடம் சொன்னாள். அவன் பேயறைந்தவன் போல நின்றான்.

“அது நெஞ்சுக்கு ஏறிடும்னு சொல்றாங்களே...”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நானே பயந்து சாகுறேன்!”

மறுநாள் டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். நூல் இல்லை. முதலில் சிறுநீர்ச் சோதனை. நல்லவேளை, கர்ப்பம் இல்லை. ஸ்கேனில் காப்பர்-டியும் இல்லை. “தெரியாமலேயே கீழ விழுந்திருக்கலாம். எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா.

எக்ஸ்ரே எடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விழலம்மா, வயித்துலதான் இருக்கு. டாக்டரப் பாருங்க.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. நம் பேச்சில் சோறு போவதும் வயிறு, பிள்ளை வளர்வதும் வயிறு. வயிற்றில்தான் இருக்கிறது என்றால் வைத்த இடத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? டாக்டரைப் பார்க்கச் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மத்தியான ஷிப்டுக்காவது போய்விடலாம் என்று கணவனை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“ஏம்மா! எங்க கிளம்பிட்டீங்க?” நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“வயித்துலதான் இருக்குன்னு சொன்னாங்களே...”

“ஐயோ, உள்ள வாங்க முதல்ல!”

டாக்டரம்மா பொறுமையாகவே சொன்னார். “வயித்துக்குள்ளதான் இருக்கு. ஆனா கர்ப்பப்பையில இல்ல. அதோட சுவரத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்து, குடல் பக்கத்துல கிடக்கு. அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். நெஞ்சுக்கெல்லாம் ஏறாது. சின்னத் துளை போட்டு எடுத்துடலாம்.”

“எப்பம்மா வெளிய வந்துச்சு?”

“வச்ச அன்னைக்கே துளைச்சிருக்கலாம்.”

ஆபரேஷன் பயத்தைவிட இதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. அப்படியானால் இத்தனை மாதமும்? காவல் இருக்கிறதென்று நம்பிக் கணவன் பக்கத்தில் படுத்த ராத்திரிகளெல்லாம்?

“உண்டாகியிருந்தா என் ரெண்டு பிள்ளைங்களும் தாயில்லாம நின்னிருக்குமே!” என்று வாய்விட்டு அழுதாள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். பாதி புடவையில் சிந்தியது.

“அழாதீங்க. இத எடுத்தப்புறம் மாத்திரையோ ஊசியோ, வேற ஏதாவது பாத்துக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

“வேணாம்மா.” அதுவரை சுவரோரம் நின்றிருந்த கணவன் முன்னால் வந்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “இவ பட்டது போதும். ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்காமே, அத எனக்குப் பண்ணிடுங்க.”

சொன்ன வேகத்திலேயே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“ரொம்ப வலிக்குமாம்மா?”