‘பரவாயில்லை’ செல்லாத கடை

கண்ணாடிக்காரருக்கு ஜென்மத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. கெட்ட வார்த்தை எல்லாம் இல்லை. நாமெல்லாம் வாய்க்கு வாய் சொல்கிற சொல்தான்: பரவாயில்லை.

தெருமுனையில் அவருடைய கடை. முன்பக்கம் அலமாரிகளில் ஃப்ரேம்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் கண் பார்க்கும் அறை. அறையின் கடைசியில் ஒரு கதவு. திறந்தால் வீட்டுச் சமையலறை. கண் காட்ட வந்தவர்களுக்கு எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரிகிறதோ இல்லையோ, வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது நன்றாகத் தெரிந்துவிடும்.

வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த வட்டச் சட்டம் ஒன்றை மாட்டுவார். அதில் ஒரு லென்ஸைச் செருகி, “இதுவா?” என்பார். எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகி, “அதுவா?” என்பார். கேட்கும்போது மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். திருப்பாவிட்டால் ஜனங்கள் பலகையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் படிப்பார்கள். அதில் எந்தப் பதில் தெரிகிறதோ அதைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்திவிட்டு, பொருந்தாத கண்ணாடியோடு வீட்டுக்குப் போவார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு பாழாய்ப்போன நல்ல மனசு. அதனால் குரலையும் இஸ்திரி போட்டமாதிரி வைத்துக்கொள்வார். மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது, “பரவாயில்ல, இதுவே இருக்கட்டும்” என்றால் போச்சு. சட்டென்று லென்ஸை உருவிவிடுவார்.

“பரவாயில்லன்னா சரியா தெரியலன்னு அர்த்தம். இந்தக் கடையில அது செல்லாது. மறுபடி பார்ப்போம்.”

பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. கடை திறந்த புதிதில் எதிர்வரிசை முடிதிருத்துபவர் ‘பரவாயில்லை’ சொல்ல, இவரும் தலையாட்டிக் கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் தலைவலி என்று திரும்பி வந்தார் மனுஷர். அந்த வாரம் அவரிடம் முடிவெட்டிக்கொண்டவர்கள் எல்லாம் தொப்பியோடு திரிந்தது தனிக்கதை.

கண்ணாடிக்காரரே சின்ன வயதில் கண் தெரியாமல் தடுமாறியவர்தான். கணக்கு வாத்தியார் தன்னைப் பார்த்து எப்போதும் புன்னகை செய்வதாக வருஷக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தார். முதல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போன அன்றுதான், அது முறைப்பு என்று தெரிந்தது. அன்றைக்கே இந்தத் தொழில்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டதாகச் சொல்வார்.

அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டுநர்களுக்கு வருஷத்துக்கொரு முறை கண் பரிசோதனை உண்டு; அதற்காக வந்தவர்தான் அந்த அம்மாள். கேட்ட கேள்விக்கெல்லாம் இது, அது, இரண்டும் மோசம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் வந்தது. அப்படி ஒரு வாயை அவர் அதுவரை பார்த்ததில்லை, சொக்கிப்போனார். அடுத்த பரிசோதனைக்கு அந்த அம்மாள் சமையலறைக் கதவு வழியாக வந்தார்.

இவ்வளவு தெளிவான இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே மகளுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. சின்ன வயதில் ஐஸ்கிரீம் கடை வாசலில் இவள் யோசித்து முடிப்பதற்குள் கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆனால் வானத்தைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது. மொட்டை மாடியில் நின்று மேகத்தை ஒரு பார்வை பார்த்தால், “இன்னும் கொஞ்ச நேரத்துல கொட்டப்போகுது, துணியை எடுங்க!” என்று தெருவுக்கே குரல் கொடுப்பாள். சொன்னது தப்பாது. தெருவில் அவளுக்கு மழைக்காரி என்றே பெயர். ரேடியோவில் ஒன்று சொல்லி மழைக்காரி வேறொன்று சொன்னால், கொடியில் துணி போடுகிறவர்கள் மழைக்காரி பக்கம்தான்.

இப்போது அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று பக்கத்திலேயே, கணிதம். அம்மா ஓட்டும் பேருந்தே அதன் வாசலில் நின்று போகும். இன்னொன்று தூரத்தில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டும். மலைமேல் இருக்கிறது, வானிலைப் படிப்பு. எது என்று சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேம்மா. உன் இஷ்டம்” என்று கண்ணாடிக்காரர் முதல் நாளே அறிவித்துவிட்டார். அறிவித்துவிட்டு, “அந்த மலையில குளிர் எலும்பைக் கடிக்குமாமே” என்றார். சாப்பிடும்போது, “ஹாஸ்டல்ல வெந்நீர் வருமான்னு தெரியல” என்று பொதுவாகச் சுவரிடம் கவலைப்பட்டார். மாமா தொலைபேசியில் வந்து, அவள் விண்ணப்பமே போடாத மூன்றாவது கல்லூரி ஒன்றை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு வைத்தார்.

புதன்கிழமை மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம். மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்பா, யார் யாரோ இதுல உக்காந்து தெளிவாகிப் போறாங்க. எனக்கும் கேளுங்களேன். இதுவா, அதுவான்னு.”

கண்ணாடிக்காரருக்குக் குஷி பிறந்துவிட்டது. அவள் கண்ணாடியைக் கழற்றி, சட்டத்தை மாட்டி, அவளுடைய பவருக்கான லென்ஸ்களைச் செருகினார். பிறகு அவளுக்கு நேரெதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“காலையில நல்லாத் தூங்கி எழுந்து, வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஜாலியா அம்மா பஸ்ல ஏறிப் போறது... இதுவா?” குரலில் தேன் சொட்டியது. “இல்ல, விடியறதுக்குள்ள எழுந்து, குளிர்ல நடுங்கிக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாதவங்களோட வரிசையில நிக்கிறது... அதுவா?”

மகள் பலகையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இதுவே பரவாயில்லப்பா.”

“சரி. உடம்புக்கு முடியலன்னா அம்மா பக்கத்துல இருக்கிறது இதுவா? யாரோ ஒரு வார்டன் எட்டிப் பார்க்கிறது அதுவா?”

“பரவாயில்ல, இதுவே.”

“ஆங். லீவுக்கு லீவு வர்றதா, தினமும் சாயங்காலம் வர்றதா?”

“தினமும்தான். பரவாயில்லப்பா.”

கண்ணாடிக்காரருக்கு வாயெல்லாம் பல். “பார்த்தியா, எவ்வளவு தெளிவா வந்துடுச்சு! இதுக்குப் போயி மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தியே!” என்றார். அன்று கண் காட்ட வந்த அத்தனை பேரிடமும் விஷயம் சொல்லப்பட்டது. மாமாவுக்கும் தொலைபேசி போனது.

சாயங்காலம் ஒரு மழை பிடித்தது. கொஞ்சநஞ்ச மழை இல்லை, வெளுத்து வாங்கிவிட்டது. தெருவில் ஒரு கொடி விடாமல் அத்தனை துணியும் தொப்பலாக நனைந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, பிழிந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

“என்ன மழைக்காரி, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே? உன்னை நம்பித்தானே காயப்போட்டேன்!”

“கவனிக்கலக்கா” என்றாள் மகள். அவள் மாடியில்தான் நின்றிருந்தாள். நனைந்து வந்த தலையைத் துவட்டக்கூட இல்லை.

“படிச்சு முடிச்ச களைப்பு” என்று கண்ணாடிக்காரர் ஊருக்குச் சமாதானம் சொன்னார். அவர் மனைவி மட்டும் மகளுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் மனைவிக்கு வருஷாந்தரக் கண் பரிசோதனை. வேலைக்குக் கிளம்பும் சீருடையிலேயே வந்து நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக்காரர் சட்டத்தை மாட்டி, லென்ஸைச் செருகி, முகத்தைச் சுவருக்குத் திருப்பினார்.

“இதுவா.” மாற்றினார். “அதுவா.”

“அது.”

“இதுவா. அதுவா.”

“பரவாயில்ல, இதுவே இருக்கட்டும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல். கண்ணாடிக்காரர் துள்ளித் திரும்பி லென்ஸை உருவினார்.

“என்னடி பரவாயில்ல? பஸ்ஸை ஓட்டப்போறியா, எங்கேயாவது கொண்டுபோய்ச் செருகப்போறியா? மறுபடி பாரு!”

“அப்படியா? எனக்கு மட்டும் மறுபடியா?” மனைவி சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நேத்து அவ கேள்விக்குக் கேள்வி பரவாயில்லன்னாளே. ஒரு தடவையாவது லென்ஸை எடுத்தீங்களா? நான் அடுப்படியில கேட்டுக்கிட்டுத்தாங்க இருந்தேன்.”

“அவளாத்தான் சொன்னா. நான் எதுவும் சொல்லல.”

“யாரைப் பார்த்துச் சொன்னா? நீங்க சுவரைப் பார்த்தா உக்காந்திருந்தீங்க?”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார். ஊரில் எவர் சொன்னாலும் விடாத சொல்லை, சொந்த மகள் திரும்பத் திரும்பச் சொல்லியும் காதில் வாங்காமல் விட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஒழுங்காகக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். கேட்காமல் விட்டால் மகள் பக்கத்திலேயே இருப்பாள், பொருந்தாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை தலைவலியை வெளியே சொல்லாமல்.

“அவ பக்கத்துலயே இருக்கணும்னு உனக்கு ஆசை இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏன் இல்ல? அவ காலேஜ் வாசல்ல இறங்கி நடந்து போறதை வண்டிக் கண்ணாடியில பார்த்துட்டுத்தான் கியர் போடணும்னு எத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்” என்றார் மனைவி. “அதுக்காகப் பிள்ளையை மழையில நனைய விடுறதா?” என்று கேட்டு எழுந்தார். பாதியில் நின்ற பரிசோதனையைச் சாயங்காலம் வந்து முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் மனைவி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, பரிசோதனையையும் முடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனபிறகு கண்ணாடிக்காரர் மகளைக் கூப்பிட்டார்.

“நேத்து உனக்குப் போட்டது தப்பான கண்ணாடி. திருப்பிக் கொடு. மறுபடி பார்க்கலாம்.”

“முடிவு பண்ணியாச்சேப்பா.”

“உக்காரு.”

சட்டத்தை மாட்டினார். ஸ்டூலில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

“கண் பார்க்கிறப்போ முதல்ல என்ன பண்ணுவேன்? ஒரு கண்ணை மூடிட்டு இன்னொண்ணைப் பார்ப்பேன். அதையே விட்டுட்டேன் நேத்து. இப்போ பக்கத்துக் காலேஜை மூடியாச்சு. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. தூரத்துக் காலேஜ் மட்டும்தான். என்ன தெரியுது?”

மகள் ஆரம்பித்தாள். மலை உச்சியில் கருவிகள் வைத்த ஒரு கொட்டகை இருக்கிறதாம். காலையில் மாணவர்களே ஒரு பெரிய பலூனை வானத்தில் விடுவார்களாம். சில நாள் மேகம் கீழே இறங்கி வகுப்பு ஜன்னலுக்குள்ளேயே வந்துவிடுமாம். “மேகத்துக்கு மேல நின்னு மேகத்தைப் பார்க்கலாம்ப்பா! அது எப்படி இருக்கும், சொல்லுங்க!” என்றாள். ஐஸ்கிரீம் கடையில் வாய் திறக்காத பெண் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். கண்ணாடிக்காரர் சுவரைவிட்டுத் திரும்பவில்லை.

“சரி” என்றார் கடைசியில். குரலை இழுத்துப் பிடித்துச் சமமாக வைத்திருந்தார். “இப்போ அதை மூடியாச்சு. பக்கத்துக் காலேஜ் மட்டும். என்ன தெரியுது?”

“அம்மா பஸ்... அப்புறம்... கேன்டீன் நல்லா இருக்குமாம்.” அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “பரவாயில்லப்பா.”

கண்ணாடிக்காரர் திரும்பி வந்து லென்ஸை உருவினார்.

“இந்தக் கடையில அது செல்லாது. நீ மலைக்குப் போற.”

மகள் சட்டத்தைக் கழற்றினாள். தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பாவை நன்றாகப் பார்த்தாள்.

“நான் போயிட்டா உங்களுக்கு?”

“எனக்கு என்னம்மா,” என்று அவர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். “அதெல்லாம் பரவாயில்ல.”

“மறுபடி!” என்று சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

மகள் எழுந்தாள். அப்பாவைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மாட்டினாள். லென்ஸ் போடத்தான் மறந்துவிட்டாள். பிறகு அவர் நின்ற இடத்திலேயே போய், அவரைப் போலவே சுவரைப் பார்த்து நின்றாள்.

“நான் போயிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்?” குரலில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

“கஷ்டமா இருக்கும்” என்றார் கண்ணாடிக்காரர். “ரொம்பக் கஷ்டமா இருக்கும். மழை வந்தா யாரும் சொல்ல மாட்டாங்க. நீ போயிட்டு வாம்மா.”

மகள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வெறும் சட்டத்தின் வழியாக அவருக்கு ஒரு மங்கலான உருவம்தான் தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார், பிடிபடவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. சிரிக்கிறியா, அழறியா? இதுவா, அதுவா?”

“ரெண்டும்தான்ப்பா” என்றாள் மகள்.